ஒருபாலினத் திருமணமே செல்லாத ஜப்பானில், துணை கொலையானால் அரசு உதவித்தொகை எப்படிக் கேட்க முடியும்?

நானும் இதைக் கேட்டு மூக்குடைபட்டவன்தான். நகோயாவில் வேலை பார்க்கிறேன். ஒருபாலினத் துணைக்கும் அந்த உதவித்தொகை கிடைக்கலாம் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடன் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியிடம், "கல்யாணமே செல்லாது, அப்புறம் பணம் மட்டும் எப்படி?" என்றேன். "நானும் என் வீட்டுக்காரரும்கூடப் பதிவு செய்யவில்லையே, எனக்குக் கிடைக்குமே" என்றார்.

விஷயமே இதுதான். ஜப்பானில் பதிவுத் திருமணம் செய்தால் இருவரும் ஒரே குடும்பப் பெயருக்கு மாறியாக வேண்டும். அது பிடிக்காமல் பதிவு செய்யாமலே குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. குற்றத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு உதவித்தொகை தரும் 1980-ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்துக்கு நிகராக வாழ்ந்தவரையும் துணையாகவே சேர்த்துக்கொள்கிறது. பதிவுச் சான்று வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் இதே வரி ஆணும் ஆணும் என்றால் பொருந்தாது என்றுதான் அதிகாரிகள் படித்தார்கள்.

வழக்குத் தொடுத்தவர் இங்கே அய்ச்சி மாநிலத்துக்காரர். சுமார் 20 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த துணை 2014-இல் கொலை செய்யப்பட்டார். உதவித்தொகை மறுக்கப்பட்டது. 2020-இல் நகோயா மாவட்ட நீதிமன்றம், சமூகம் இத்தகைய உறவைத் திருமணத்துக்கு நிகராக இன்னும் ஏற்கவில்லை என்று தள்ளுபடி செய்தது. 2022-இல் உயர் நீதிமன்றமும் அப்படியே. துக்கத்துக்குக்கூட ஊர் சம்மதம் வேண்டும் போல!

உச்ச நீதிமன்றம் வேறு இடத்தில் தொடங்கியது: இந்தப் பணம் எதற்காக? பறிகொடுத்தவரின் மன வேதனையையும் பண நெருக்கடியையும் தணிக்கத்தானே. அந்தத் தேவை, துணை ஆணா பெண்ணா என்பதால் மாறாது என்றது. திருமண உரிமையை அது தொடவே இல்லை. பணத்தையும் உடனே கொடுத்துவிடவில்லை. இந்த இருவரும் உண்மையில் அப்படி வாழ்ந்தார்களா என்று பார்க்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. சரி, அந்தச் சோதனை என் சக ஊழியருக்கும் உண்டு, குறை சொல்ல முடியாது.

ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. இதே சொற்கள் வேறு பல சட்டங்களிலும் இருக்கின்றனவே, அங்கெல்லாம் என்ன ஆகும் என்பது அவர் கவலைகளில் ஒன்று. எனக்கென்னவோ அவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. ஓய்வூதியச் சட்டத்திலும் அதே வரி இருக்கிறது.