எந்தக் குச்சி எந்த மணிக்கு? கண்ணாடி மணிக்காரர்களின் கேள்வி பதில்

டார்ச் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, எஃகுக் கம்பியில் சுற்றி மணி செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி குச்சிகளைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பெரும்பாலும் 104 என்று எண் போட்ட குச்சி வகையில் வேலை செய்கிறவள். அந்தச் சாய்வு பதில்களில் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, குச்சிக் கட்டுகளில் 104, 96, 90, 33 என்று எண் போட்டிருக்கிறது. எண் பெரிதானால் ரகம் உயர்ந்ததா?

பதில்: ரகத்துக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. சூடேறும்போது அந்தக் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதற்கான எண் அது. 104 என்றால், ஒரு மீட்டர் நீளக் குச்சியை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கினால் 10.4 மைக்ரான் நீளும். 33 என்றால் 3.3 மைக்ரான்தான்.

விரிவது ஆறும்போது சுருங்கும், சிக்கல் அங்கேதான். இறுகும் நிலையிலிருந்து அறைவெப்பத்துக்கு வர ஏறத்தாழ 500 டிகிரி இறங்க வேண்டும். 20 மில்லிமீட்டர் மணியில் 104-ம் 90-ம் ஒட்டியிருந்தால், இரண்டும் சுருங்கும் அளவில் 0.014 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறுமா என்பது சந்தேகம். ஆனால் கண்ணாடி ரப்பர் இல்லையே, இழுத்தால் கொடுக்காது. விரிசல் விடும்.

கேள்வி: நான் 104 மணியில் 90 குச்சியால் புள்ளிகள் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: எப்போது வைத்தீர்கள்? நேற்றா? நானும் ஒருமுறை நீல மணியில் இப்படித்தான் ஒரு கோடு போட்டேன். மணியை மெல்ல ஆறவைக்கும் சூளையிலிருந்து அழகாக வந்தது. மூன்று வாரம் கழித்து ராத்திரி மேசை இழுப்பறைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். காலையில் திறந்து பார்த்தால், கோடு போன வழியே மணி இரண்டாகப் பிளந்து கிடந்தது. நல்லவேளை, யார் கழுத்திலும் இல்லை.

நுண்ணிய தூளாக, மணியின் எடையில் மிகச் சிறிய பங்காக 96 கண்ணாடியை 104 மேல் தூவுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. தூள் மெல்லியதாகப் பரவுவதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. தடித்த புள்ளி, தடித்த கோடு, மேலே மூடும் தெளிவான அடுக்கு இவற்றுக்கெல்லாம் அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: எண் ஒன்றாக இருந்தால் எந்தக் கம்பெனிக் குச்சியோடும் சேர்க்கலாம்தானே?

பதில்: பெரும்பாலும் சேர்க்கலாம். 'எப்போதும்' என்று சொல்ல மாட்டேன். பொதுவாக அறைவெப்பத்திலிருந்து 300 டிகிரி வரையிலான விரிவைச் சராசரியாக்கித்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். மணிக்குள் இழுவிசை உறைவதோ 500-ஐ ஒட்டி. அந்த இடத்தில் கண்ணாடியின் குழைவும் கணக்கில் வருகிறது. எண் ஒன்றானாலே பொருந்திவிடாது என்று, 90 வகைக்குப் பெயர்போன புல்ஸ்ஐ நிறுவனமே சொல்கிறது.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு குச்சிகளின் நுனிகளையும் உருக்கிப் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். முறுக்காமல், இரண்டு நிறமும் நீளவாக்கில் சரிபாதியாக வரும்படி நூல்போல இழுங்கள். ஆறியதும் நூல் நேராக நின்றால் ஜோடி சரி. வில்லாக வளைந்தால், வளைவின் உட்பக்கம் இருக்கிற கண்ணாடி அதிகம் சுருங்கியிருக்கிறது. சேர்க்காதீர்கள். இரண்டு நிமிஷ வேலை, நான் இன்றைக்கும் புதுக் கட்டு வாங்கினால் செய்கிறேன்.

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு கேஸில் எரியும் சின்ன டார்ச்தான். எதில் ஆரம்பிக்கட்டும்?

பதில்: 104. யோசிக்கவே வேண்டாம். சீக்கிரம் உருகும், இளக்கமாக நகரும், நிறங்கள் ஏராளம். முரானோ மரபில் வந்த எஃபெட்ரே, பழைய பேர் மொரெட்டி, இந்த வகைதான். 5 அல்லது 6 மில்லிமீட்டர் குச்சி கையில் பிடிக்கச் சுகம். 90-ம் அந்த டார்ச்சில் உருகும், ஆனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பொறுமை கேட்கும். தட்டுக் கண்ணாடியைச் சூளையில் உருக்கி ஒட்டும் வேலையும் செய்கிறவர் என்றால் 90-ஓ 96-ஓ எடுத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது, ஒரே கையிருப்பு இரண்டுக்கும் உதவும். மணி மட்டும்தான் என்றால் 104.

கேள்வி: 33 எண் போட்ட போரோசிலிகேட் தான் உறுதி என்கிறார்களே, நேரே அதற்கே போய்விடலாமா?

பதில்: உறுதி உண்மை. குறைவாக விரிவதால் சூட்டையும் குளிரையும் தாங்கும். சுடரிலிருந்து எடுத்து, மறந்து, மறுபடி கொண்டுபோனாலும் 104 போல வெடிக்காது. பெரிய சிற்ப வேலைக்கும், மெல்லிய கைகால் நீட்டிய உருவங்களுக்கும் அதை அடிக்க ஆளில்லை.

ஆனால் அது இளக 820 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். ஆக்சிஜனும் புரொப்பேனும் கலந்த டார்ச் இல்லாமல் அதில் மணி சுற்றுவது, ஈர விறகில் சோறு வடிப்பது மாதிரி. வெந்துவிடும், நமக்குத்தான் உயிர் போகும். மூக்குக்கண்ணாடியும் மாற்ற வேண்டும். 104-க்குச் சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி போதும். போரோசிலிகேட்டின் வெண்சூட்டுக்கு வெல்டிங் வேலைக்கானது போன்ற கருத்த வடிகட்டியும் சேர வேண்டும். நிறமும் நீங்கள் சுடரை எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வரும். அது சிலருக்குப் பிடித்த சூதாட்டம், எனக்கு அவ்வளவாக இல்லை.

கேள்வி: பழைய பெட்டி ஒன்று கைமாறி வந்தது. ஒரு குச்சியிலும் ஒட்டுச்சீட்டு இல்லை. எப்படிப் பிரிப்பது?

பதில்: இது எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் சுடரில் காட்டுங்கள். சுடர் பளீரென்று மஞ்சளாகி, குச்சி சடுதியில் தொங்கினால் அது மென்கண்ணாடி, அதாவது 104, 96, 90 வகை. காட்டிக்கொண்டே இருந்தும் அசையாமல் அடம்பிடித்தால் போரோசிலிகேட்டாக இருக்கலாம்.

தெளிவான குச்சிக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு டம்ளர் கிளிசரினில் அதை இறக்குங்கள். போரோசிலிகேட் என்றால் மூழ்கிய பாகம் கண்ணுக்கே தெரியாது, குச்சியை நடுவில் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.47 என்பதுதான் காரணம். மென்கண்ணாடிக்கு அது 1.52 வாக்கில் இருப்பதால் விளிம்பு தெரிந்துகொண்டே இருக்கும்.

மென்கண்ணாடிக்குள் 104, 96, 90 என்று பிரிக்க, உங்களிடம் உள்ள அடையாளம் தெரிந்த குச்சியோடு மேலே சொன்ன நூல் சோதனைதான் வழி. பொறுமை இல்லையா? அந்தக் குச்சிகளால் ஒற்றை நிற மணி செய்யுங்கள். தன்னோடு தானே சண்டை போடாது. அப்புறம், பிரித்ததும் முனையில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், நாளைக்கு நீங்களே மறந்துவிடுவீர்கள்.

கேள்வி: தந்த நிறத்தின் மேல் டர்காய்ஸ் (நீலப்பச்சை) கோடு போட்டேன். ஓரமெல்லாம் கருப்பாகிவிட்டது. குச்சி அழுக்கா?

பதில்: அழுக்கில்லை, வேதியியல். தந்த நிறக் குச்சியில் கந்தகம், டர்காய்ஸில் தாமிரம். இரண்டும் தொடும் இடத்தில் கருத்த சேர்மம் உண்டாகிறது. இதையே வேண்டுமென்று செய்து, பழைய மண்பாண்டச் சாயல் கொண்டுவருகிறவர்கள் உண்டு. வேண்டாமென்றால் தந்த நிறத்துக்குப் பதில் வெள்ளை வையுங்கள். ஆனால் வெள்ளையும் தந்தமும் ரொம்ப இளகின ஜாதி, அதிகம் காய்ச்சினால் மேலே வைத்த கோடு பரவிக் கலைந்துவிடும்.

கேள்வி: சிவப்புக் குச்சி உருகியதும் வெளிறிப்போனது. கருப்பை நூலாக இழுத்தால் ஊதா தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. தெளிவான சிவப்புகளில் பல, உருகும்போது நிறமிழந்து, சற்று ஆறவிட்டு மறுபடி இதமாகச் சூடாக்கினால்தான் சிவப்பாகும். அவசரப்பட்டுச் சூளையில் போடாமல், மணியின் ஒளிர்வு அடங்கும்வரை சுடருக்கு வெளியே சுழற்றி, பிறகு சுடரின் நுனியில் காட்டுங்கள். கண்ணெதிரே நிறம் ஏறும். கருப்போ உண்மையில் மிக அடர்ந்த ஊதா. மெல்லிய கோட்டுக்குத் தூய கருப்பு வேண்டுமானால், அதற்கென்றே அடர்த்தி கூட்டிய கருப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி: சில நிறங்களில் சாம்பல் படலம் விழுகிறது.

பதில்: ஆக்சிஜன் போதாத சுடர். ஈயமோ தாமிரமோ உள்ள குச்சிகள் அதில் மங்கும். ஆக்சிஜனைக் கூட்டுங்கள், அல்லது மணியைச் சுடரின் வாயிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். வெள்ளி கலந்த குச்சிகளில் மட்டும் நேர்மாறு, அந்தச் சுடர்தான் உலோகப் பளபளப்பைத் தரும்.

கேள்வி: 104, 90, போரோசிலிகேட் மூன்றுக்கும் சூளையில் ஒரே வெப்பம் வைக்கலாமா?

பதில்: கூடாது. 104-க்கு 510 முதல் 520 டிகிரி, புல்ஸ்ஐ 90-க்கு 482, போரோசிலிகேட்டுக்கு 565 வாக்கில். 104-ஐ 565-இல் வைத்தால் மணியில் அடித்தட்டின் தழும்பு பதியலாம். போரோசிலிகேட்டை 482-இல் வைத்தால் உள்ளிழுவிசை போகாது. சூடு தாங்கும் நார்க் கம்பளியிலோ வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளிலோ புதைப்பது ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. அதைச் சூளைக்கு ஈடாக நினைக்காதீர்கள்.

கேள்வி: பாட்டில் கண்ணாடியைக் குச்சியாக இழுத்து 104-உடன் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் விரிவு 104-ஐவிட நன்றாகக் குறைவு. பாட்டிலைப் பாட்டிலோடு மட்டும், அதுவும் ஒரே பாட்டிலோடு.

கேள்வி: சுடரில் காட்டியதுமே குச்சி நுனி பட்டென்று தெறிக்கிறது. மட்டமான குச்சியா?

பதில்: சில நிறங்கள் அப்படிச் சீறும். பருமனான குச்சி என்றால் இன்னும் மோசம். நேரே சுடரின் நடுவில் நுழைக்காமல், தூர நுனியில் ஆட்டி ஆட்டிப் பத்துப் பதினைந்து விநாடி காட்டிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். ஒரே நிறம் திரும்பத் திரும்பத் தெறித்தால் அந்தக் குச்சிகளைச் சூளை வாசலிலோ சூட்டுத் தட்டிலோ முன்கூட்டி வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வேன். தெறித்த துண்டைக் கையால் தேடாதீர்கள். கருப்பாகத் தெரிகிற துண்டும் 400 டிகிரி இருக்கும்.