வீடு மாறினீர்களா? 911-க்குச் சொல்லிவிட்டீர்களா?

மாண்ட்ரியலிலிருந்து ஸ்கார்பரோவுக்குக் குடிவந்தோம். இணையத் தொலைபேசிப் பெட்டியைக் கொண்டுவந்து ரவுட்டரில் சொருகினோம். பழைய எண்ணே வேலை செய்கிறது. அவசர உதவி எண்ணான 911-க்காகத் தனியாக ஏதும் செய்ய வேண்டுமா?

இதைப் படித்து முடிப்பதற்குள் செய்துவிட்டாலும் நல்லதுதான். அந்தப் பெட்டிக்கு ஊர் தெரியாது. கணக்குத் தொடங்கிய அன்று நீங்கள் எழுதிக்கொடுத்த முகவரிதான் அதற்கு ஊர். 2008-ல் கால்கரியில் ஒரு கைக்குழந்தைக்கு உடல்நிலை மோசமாகி, வீட்டார் இணையத் தொலைபேசியில் 911-ஐ அழைத்தார்கள். ஆம்புலன்ஸ் போனது, அவர்கள் முன்பு குடியிருந்த மிசிசாகா வீட்டுக்கு. கடிகாரமே இரண்டு மணி நேரம் மாறிக் காட்டும் தொலைவிலுள்ள ஊர். குழந்தை பிழைக்கவில்லை.

எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய இணைய எண்ணிலிருந்து 911 அழைத்தால், கனடாவில் முதலில் ஓர் இடைநிலை ஆபரேட்டர் எடுப்பார். இடத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளூர் மையத்துக்கு மாற்றுவார். பேச முடியாமல் போனால் பதிவிலுள்ள முகவரிதான் கதி. எனவே சேவைக் கணக்கில் முகவரியை மாற்றுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கி, போன் பக்கத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

பீட்சாக் கடையின் இணையதளம்கூட என் ஊரைச் சரியாகக் காட்டுகிறது. 911-ஆல் மட்டும் ஏன் முடியவில்லை?

ஊரைக் கண்டுபிடிப்பது வேறு, வாசலைக் கண்டுபிடிப்பது வேறு. ஐ.பி. முகவரியை வைத்து ஏறக்குறைய ஊரை ஊகிக்கலாம், இணைப்பை வேறு ஊர் வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். போட்டால் அதுவும் போச்சு.

அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில்லில் நடந்தது. அது செப்புக் கம்பிக் காலம். கம்பி ஒரு வீட்டில்தான் முடியும், ஆகவே எண் என்றாலே இடம். பின்னாளில் அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் தேடி, முகவரியை ஆபரேட்டரின் திரையில் காட்டும் ஏற்பாடும் வந்தது. இணையத் தொலைபேசி இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. பொதுத் தொலைபேசி வலையோடு இணைந்த சேவைகள் வாடிக்கையாளரிடம் முகவரி வாங்கியே தீர வேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்.சி.சி. 2005-ல் ஆணையிட்டது. ஆனாலும் அன்றைய 911 மையத்து இயந்திரங்களுக்கு எண்ணை விட்டால் வேறெதுவும் புரியவில்லை. அதனால் ஒவ்வோர் அழைப்புக்கும் தற்காலிகமாக ஒரு பொய் எண்ணை மாட்டி அனுப்பினார்கள். மையம் அந்தப் பொய் எண்ணைத் தேடினால் நிஜ முகவரி கிடைக்கும். ஒட்டுப்போட்ட வேலைதான், ஆனால் ஓடுகிறது.

முறையான வழியையும் இணைய நெறிமுறைகளை உருவாக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு வகுத்திருக்கிறது. போன் தன் இடத்தை வலையமைப்பிடமே கேட்டறியும், "இந்த இடத்துக்கு எந்த மையம்?" என்று ஒரு வழிகாட்டிச் சர்வரிடம் விசாரிக்கும் (2008-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5222 என்ற நெறிமுறை ஆவணம்), பிறகு இணைய அழைப்புகளை இணைக்கும் 'சிப்' (SIP) நெறிமுறைச் செய்தியின் தலைப்பிலேயே இடத்தைச் சேர்த்து அனுப்பும் (2011-ல் வந்த ஆர்.எஃப்.சி. 6442). அந்த வழிகாட்டி நெறிமுறையின் பெயர் 'லாஸ்ட்' (LoST), ஆங்கிலத்தில் 'தொலைந்துபோன' என்று ஒலிக்கும். பொறியாளர்களுக்கும் குறும்பு உண்டு.

பிறகு எங்கே இடிக்கிறது? உங்கள் வீடு வரை கம்பி இழுத்தவருக்கு இடம் தெரியும். போன் சேவை தருபவரோ வேறொரு கம்பெனி. இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, இவருக்காக அவர் இடத்தைச் சொல்லும் சர்வர் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. என் கணிப்பில் நெறிமுறைகளைவிட இதுதான் பெரிய முட்டுக்கட்டை.

டெக்சாஸில் சிறிய மோட்டல் நடத்துகிறேன். வெளியே பேச அறையிலிருந்து 9 அழுத்த வேண்டும். 911-க்கும் அப்படியே இருக்கலாமா?

கூடாது. 2013 டிசம்பரில் உங்கள் மாநிலத்து மார்ஷல் நகரில், ஒரு மோட்டல் அறையில் ஒரு பெண் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள் நான்கு முறை 911 அழுத்தியும் அழைப்பு போகவில்லை. முன்னால் ஒரு 9 தேவை என்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்வார்கள்? அந்தத் தாயின் பெயரில் வந்த 'காரி சட்டம்' 2018 பிப்ரவரி 16-ல், முதல் 911 அழைப்பின் 50-ஆம் ஆண்டு நாளன்று, கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவிய அமைப்புகளில் 911 நேராகப் போக வேண்டும், வரவேற்பு மேசைக்கும் தகவல் வர வேண்டும். அமைப்பு பழையது என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள்; பெரும்பாலும் இது ஒரு செட்டிங் மாற்றம்தான்.

அலுவலக சாஃப்ட்ஃபோனை (கணினியில் ஓடும் போன் செயலியை) வீட்டு லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து 911 அழைத்தால் என் இடம் தெரியுமா?

2022 ஜனவரி 6 முதல் அமெரிக்காவின் 'ரே பாம்' சட்டப்படி இதற்கும் இடத் தகவல் போக வேண்டும். ஆனால் சாஃப்ட்ஃபோன் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது நீங்கள் மூடிவிட்டால் சட்டம் என்ன செய்யும்? கையில் செல்போன் இருந்தால் அதிலேயே அழையுங்கள்.

கோவையில் தனியாக இருக்கும் அப்பா வாட்ஸ்அப் வீடியோவில் பேசும்போதே மயங்கினால், நியூஜெர்சியிலிருந்து நான் 108 அழைக்கலாமா?

அங்கிருந்து போகாது. 911-ஐ அழைத்தால் உங்கள் ஊர் மையம்தான் எடுக்கும். அப்பா வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனையின் முழு எண்ணையும், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் +91 சேர்த்து இன்றே சேமியுங்கள். 108-ஐ அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அழைப்பார்.

முகவரி சரியாகப் பதிந்திருக்கிறதா என்று 911-ஐ அழைத்தே பார்க்கலாமா?

வேண்டாம், நிஜ அவசரக்காரர் வரிசையில் நிற்பார். அமெரிக்காவில் பல இணையச் சேவைகளில் 933 அழைத்தால் பதிவிலுள்ள முகவரியை வாசித்துக்காட்டும். நானும் அழைத்துப் பார்த்தேன். தெரு சரி, கட்டட எண் சரி, அபார்ட்மென்ட் எண்ணைக் காணோம். நான் இருப்பது 14 மாடிக் கட்டடம்.