உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி: நான்கு கேள்விகள்

என் நில வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எனக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டார். தலைமை நீதிபதிக்கு மனு அனுப்பினால் மாற்றுவாரா? (தேனி வாசகர்)

மாட்டார். அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. தீர்ப்பு சொல்லும் வேலையில் தலைமை நீதிபதியும் நேற்று பதவியேற்ற நீதிபதியும் சமம். இரண்டாம் மேல்முறையீட்டில் (கீழே ஒருமுறை மேல்முறையீடு முடிந்தபின் உயர் நீதிமன்றத்துக்கு வருவது) வந்த தீர்ப்பு என்றால் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வுக்கும் போக முடியாது. அடுத்த படி உச்ச நீதிமன்றம்தான். அங்கே மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள் கெடு. மனு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து இன்றே தீர்ப்பின் சான்று நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள்.

அப்படியானால் அவருக்கென்று தனியாக என்ன அதிகாரம்? (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி)

எந்த வழக்கை யார் விசாரிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம். ரோஸ்டர் அறிவிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீதிபதியின் பெயர். எதிரே முன்ஜாமீன், வரி ரிட் (வரி தொடர்பான அரசு உத்தரவை எதிர்க்கும் மனு), பணி ரிட், இன்ன ஆண்டு வரையிலான இரண்டாம் மேல்முறையீடுகள் என்று வழக்கு வகைகள். மதுரைக் கிளைக்கு யார் போவது என்பதும் அவர் முடிவே. தனக்கு ஒதுக்கப்படாத வழக்கை எந்த நீதிபதியும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 1998-இல் ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் அந்தப் பதவியின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது. ஒதுக்கீட்டின் காரணங்கள் வெளியே தெரிய வேண்டும் என்று வழக்கறிஞர்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. நீதிமன்ற ஊழியர் நியமனமும் (அரசமைப்புச் சட்டப் பிரிவு 229) அவர் கையில்தான்.

தலைமை நீதிபதி ஏன் எப்போதும் வெளிமாநிலத்திலிருந்தே வருகிறார்?

உள்ளூர் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு இடம் வரக்கூடாது என்பதற்காக 1980-களில் எடுக்கப்பட்ட கொள்கை முடிவு இது. அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆரம்பத்தில் இடமாற்றமே பெரிய கொந்தளிப்பாக இருந்தது. 1981-இல் பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங் சென்னைக்கும், சென்னையில் இருந்த மு.மு. இஸ்மாயில் கேரளத்துக்கும் மாற்றப்பட்டார்கள். இஸ்மாயில் போகவில்லை, பதவியையே துறந்தார். 2019-இல் சென்னைத் தலைமை நீதிபதியாக இருந்த விஜயா தஹில் ரமானியும், மேகாலயாவுக்கு மாற்றப்பட்டபோது அதையே செய்தார்.

வெளியிலிருந்து வருவதை நான் ஆதரிக்கிறேன். என் மனக்குறை பதவிக்காலத்தைப் பற்றியது. ஓய்வு வயது 62. பலர் தலைமைப் பொறுப்புக்கு வரும்போதே ஓராண்டோ ஒன்றரை ஆண்டோதான் மிச்சம். எந்த மாவட்டத்தில் எத்தனை நீதிமன்றங்கள் காலி, எங்கே கட்டடம் இல்லை என்று பிடிபடும் நேரத்தில் பிரிவுபசார விழா வந்துவிடுகிறது. குறைந்தது இரண்டாண்டு கிடைக்கும்படி கொலீஜியம் (நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கும் உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகள் குழு) பரிந்துரைக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு வக்கீலாக வாதாடலாமா?

நிரந்தர நீதிபதியாக இருந்த நீதிமன்றத்தில் கூடாது. உச்ச நீதிமன்றத்திலும் பிற உயர் நீதிமன்றங்களிலும் மட்டுமே வாதாடலாம். அரசமைப்புச் சட்டப் பிரிவு 220 இதைத்தான் சொல்கிறது.