மண்பந்தயத்துக்கு ஒரு பழைய சாகா: கேள்வி பதில்

உரக்கிடங்குக்குப் பின்னால் பதினோரு ஆண்டுகள் அசையாமல் நின்ற 1988ஆம் ஆண்டுப் புரோட்டோன் சாகா கார் ஒன்றை எங்கள் ஊர்த் தம்பிகள் நால்வர் காசு சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். ராலிகிராஸ் பந்தயத்துக்கு அதைத் தயார் செய்ய வேண்டும் என்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பழைய கார்களைப் பழுதுபார்க்கிறேன். சிலவற்றை மண்பந்தயத்துக்கு மாற்றிக் கட்டியும் இருக்கிறேன். வண்டியைப் பார்க்க வந்தவர்களும் எழுதி அனுப்பியவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (படிவம் ஐந்து மாணவர்): ராலி தெரியும். ராலிகிராஸ் என்றால் என்ன அண்ணே?

பதில்: ராலியில் ஒவ்வொரு காரும் தனியாகப் புறப்பட்டுக் காட்டுப்பாதையிலும் தோட்டப்பாதையிலும் கடிகாரத்தோடு போட்டியிடும். வளைவுகளைப் படித்துச் சொல்ல ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். ராலிகிராஸ் மூடிய சுற்றுப்பாதையில் நடப்பது. பாதையின் ஒரு பகுதி தார், மறுபகுதி மண். பல கார்கள் வரிசையாக நின்று ஒன்றாகப் பாயும், சில சுற்றுகளிலேயே முடிந்துவிடும். 1967 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் லிட்டன் சுற்றுப்பாதையில் தொலைக்காட்சிக்காக இதைத் தொடங்கினார்கள். திடலில் கூம்புகள் வைத்து ஒவ்வொருவராக ஓட்டி நேரம் குறிக்கும் எளிய முறையும் உண்டு. எங்கள் தம்பிகள் முதல் ஆண்டு அப்படித்தான் ஓட்டப்போகிறார்கள். அடுத்த கார் கதவில் உரசும்போது பதறாமல் இருப்பது பிறகு வரட்டும். முதலில் தன் கார் எப்போது வழுக்கும் என்பது தெரிய வேண்டும்.

கேள்வி (லாரி ஓட்டுநர், கோலகங்சார்): பின்சக்கரத்தில் இழுக்கும் டட்சன் 120ஒய் இருக்கும்போது சாகா எதற்கு?

பதில்: 120ஒய் எனக்கும் பிடித்த கார்தான். ஆனால் அதைச் சேகரிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல கூட்டோடு, அதாவது துருவேறாத உடல்தகட்டோடு, நிற்கும் ஒரு 120ஒய்யை அறுத்துப் பந்தயத்துக்கு அனுப்ப என் கை வராது. சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவை அடிப்படையாகக் கொண்டது. எங்கள் வண்டியில் இருப்பது 1,298 சிசி 4ஜி13 எஞ்சின், கார்புரேட்டர் வகை. பிரேக், கிளச், புஷ் எதுவானாலும் ஈப்போவுக்குப் போனால் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. முன்சக்கரங்கள் இழுப்பதால் ஈரமண்ணில் புதிய ஓட்டுநரை அது அவ்வளவு எளிதில் சுழற்றிவிடாது.

கேள்வி (தோட்டக் கிராணி): எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்த சாகா நிற்கிறது. பெயின்ட் பளபளவென்றிருக்கிறது. துரு இல்லை என்று நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் ஐயா. அந்தக் கார் எதைச் சுமந்தது என்று முதலில் அப்பாவிடம் கேளுங்கள். தோட்டத்துக் கார்களின் துரு பட்டணத்துக் கார்களின் துரு அல்ல. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் காரின் பின்பக்கச் சாமான் அறையான பூட்டில் ஒருமுறை சிந்தினால் போதும், தரைத்தகடு வருடக்கணக்கில் அமைதியாக அரித்துக்கொண்டே இருக்கும். செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு உரமும் அப்படித்தான். அது உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் வைத்துக்கொள்ளும். தம்பிகள் வாங்கிய சாகாவில் பூட் விரிப்பைத் தூக்கியபோது தரை தெரியவில்லை, கீழே கிடந்த புல் தெரிந்தது. முந்தைய சொந்தக்காரர் உரமூட்டை ஏற்றியிருக்கிறார்.

சோதிக்க ஒரு சிறு காந்தமும் பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் ஓட்டையை மூடிய புட்டிப் பசை இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருவேறியது சொத்தென்று ஒலிக்கும். நான்கு இடங்களை விடாதீர்கள். முன்பக்கம் அதிர்வைத் தாங்கும் அப்சார்பரின் தலை பொருந்தும் கோபுரம், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, பின்சக்கரக் கைகள் உடலோடு சேரும் இடம், பேட்டரித் தட்டின் அடி. முதல் மூன்றில் துரு ஆழமாக இருந்தால் வேறு கூடு தேடுங்கள். அப்பாவின் கார் என்ற பாசம் எனக்குப் புரிகிறது. அதை வீட்டில் வைத்து அழகாகப் புதுப்பியுங்கள், பந்தயத்துக்கு வேண்டாம்.

துரு குறைவாக இருந்தால், வெள்ளையாக மின்னும் இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்துவிட்டுப் புதிய தகட்டை விளிம்போடு விளிம்பாக வெல்டிங் செய்ய வேண்டும். துருவின் மேலேயே ஒரு தகட்டை ஒட்டுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது. வெல்டிங் தொடங்கும் முன் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வையுங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள். தகடுகள் சேரும் இடங்களில் கார் ஆலையில் போட்ட புள்ளி வெல்டிங்குகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் வெல்டிங், பிறகு 50 மில்லிமீட்டர் இடைவெளி என்று விட்டுவிட்டுப் போட்டால் கூடு விறைப்பாகும். முழு நீளத்துக்கும் இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். எங்கள் சாகாவுக்கு இந்த வேலை மட்டும் ஆறு வாரம் பிடித்தது. தம்பிகள் பொறுமை இழந்தார்கள், நான் விடவில்லை.

கேள்வி (வெல்டிங் தொழிலாளி): கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்ச்சட்டமான ரோல் கேஜை நானே செய்வேன். தண்ணீர்க் குழாய் தடிமனாகத்தானே இருக்கிறது, அது போதாதா?

பதில்: போதாது. இதை நான் கண்ணால் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் என் நண்பரும் கட்டிய காரில் கால்வனைஸ் தண்ணீர்க் குழாயைத்தான் வளைத்துப் போட்டோம். மெதுவான வேகத்தில், ஒரு மண்வரப்பில் ஏறிக் கார் உருண்டது. வளைவில் குழாய் காகிதம்போல் மடிந்தது. நண்பரின் தோளெலும்பு உடைந்தது. அன்று உயிர் தப்பியது எங்கள் வேலையால் அல்ல. அதன் பிறகு கேஜ் விஷயத்தில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

அனைத்துலக மோட்டார் சம்மேளனத்தின் (எஃப்ஐஏ) விதி தெளிவாக இருக்கிறது. குளிர்நிலையில் இழுக்கப்பட்ட, தையலில்லாத கரிம எஃகுக் குழாய் வேண்டும். இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன். ஓட்டுநரின் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும், அல்லது 50க்கு 2. மற்றக் குழாய்கள் 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. வளையத்தின் கால் வெறும் தரைத்தகட்டில் நிற்கக் கூடாது. கேஜைப் போல்ட் போட்டுப் பொருத்துவதானால், 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுவூட்டும் தகட்டை முதலில் உடலோடு வெல்டிங் செய்து, அதன் மேல் குறைந்தது மூன்று எம்8 போல்ட்டுகள், 8.8 தரத்தில். இல்லாவிட்டால் கார் உருளும்போது வளையம் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். துருவை ஒழிக்க நான் ஆறு வாரம் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று தம்பி. கால்வனைஸ் குழாயை வெல்டிங் செய்யும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். உங்கள் தொழிலில் இது தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கைத்திறனை நான் சந்தேகிக்கவில்லை. சரியான குழாயைக் கொண்டு வாருங்கள், என் பட்டறையிலேயே செய்யலாம்.

கேள்வி (தொழிற்கல்லூரி மாணவர்): கரம்ஜிட் சிங் புரோட்டோனில்தானே உலகப் பட்டம் வென்றார்? நாமும் டர்போ போட்டால் என்ன?

பதில்: 2002இல் அவரும் வழிகாட்டி ஆலன் ஓவும் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றபோது இந்த நாட்டில் நெஞ்சு நிமிர்த்தாத கார்ப்பிரியர் இல்லை. ஆனால் அந்தப் புரோட்டோன் பெர்ட், மிட்சுபிஷியின் பந்தயத்துக்கு ஏற்ற லான்சர் எவலூஷனின் மறுவடிவம். டர்போவும் நான்கு சக்கர இழுவையும் பிறப்பிலேயே கொண்டது. நம் சாகாவின் கியர்பாக்ஸும் சக்கரங்களைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டும் அந்த விசைக்குச் செய்யப்பட்டவை அல்ல. கையில் பத்து வெள்ளி இருந்தால் ஐந்து கூட்டுக்கும் கேஜுக்கும், இரண்டு இருக்கைக்கும் வாருக்கும், இரண்டு சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும். கடைசி ஒரு வெள்ளிதான் எஞ்சினுக்கு. அதையும் புதிய டைமிங் பெல்ட், எஞ்சின் மவுண்டிங், கார்புரேட்டர் சுத்தம் என்று செலவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் (கம்ப்ரெஷன்) அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் அந்த எஞ்சினைத் தொடாதீர்கள்.

கேள்வி (நால்வரில் ஒருவரின் தாயார்): வேண்டாம் என்று சொன்னால் மகன் கேட்க மாட்டான். எதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாக இருக்கலாம்?

பதில்: அக்கா, ஓட்டப் போகும் நாளுக்கு முந்தின மாலை பட்டறைக்கு வாருங்கள். நீங்களே பார்க்கலாம். இருக்கையின் ஒட்டுச்சீட்டில் தயாரித்த ஆண்டு இருக்கும். நாங்கள் வாங்கும் எஃப்ஐஏ 8855-1999 தர இருக்கைக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. தோள்வார்கள் இருக்கையிலிருந்து பின்னால் கிட்டத்தட்ட மட்டமாகப் போக வேண்டும், செங்குத்தாகக் கீழே இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அமுக்கும். அப்படி இருந்தால் என்னைக் கேளுங்கள். தீயணைப்புக் கருவி ஓட்டுநரின் கைக்கு எட்டுகிறதா என்று உங்கள் மகனை வாரோடு உட்காரவைத்துப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு வெளியிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்பு விசையை நீங்களே திருப்புங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். பேட்டரியை மட்டும் துண்டிக்கும் விசையாக இருந்தால் எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நான்கில் ஒன்று தவறினாலும் வண்டி பட்டறையை விட்டுப் போகாது. என் வாக்கு.

கேள்வி (செம்பனை ஆலைத் தொழிலாளி): அகலமான டயர், தாழ்ந்த ஸ்பிரிங். இதுதானே பந்தயக் காரின் அழகு?

பதில்: தார்ச்சாலைக்கு. நம் செம்மண் மழையில் சோப்பாகிவிடும், அகலமான டயர் அதன் மேல் மிதக்கும். ஒல்லியான டயர் சேற்றை வெட்டிக் கீழே உள்ள கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். 13 அங்குலச் சக்கரத்தை மாற்றாதீர்கள்; அதன் உயரமான பக்கச்சுவர் கல்லில் அடிபட்டாலும் தாங்கும். வண்டியைத் தாழ்த்தவும் வேண்டாம், சற்று உயர்த்துங்கள், அதிகம் வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட் மூட்டின் கோணம் கூடினால் அது சீக்கிரம் தேயும். பணத்தை அப்சார்பரில் போடுங்கள். எஞ்சினுக்குக் கீழே காப்புத்தகடு கட்டாயம்; எண்ணெய் மாற்றவும் சேறு வடியவும் அதில் துளை வையுங்கள். இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலை வெல்டிங் செய்து பூட்டும் யோசனை முன்னிழுவைக் காருக்கு ஆகாது, ஸ்டீரிங் கல்லாகிவிடும்.

கேள்வி (அதே தொழிலாளி): சேற்றில் எஞ்சின் சூடேறாமல் காப்பது எப்படி?

பதில்: ரேடியேட்டருக்கு முன்னால், கையால் கழற்றக்கூடிய கம்பிவலை. சேறு வலையில் அப்பும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றித் தட்டலாம். ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களில் நேராக அப்பினால் காய்ந்த பிறகு எடுக்கவே முடியாது. காற்று வடிகட்டியை முன்பக்கத்திலிருந்து உயரே மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை நீர்த்தெறிப்பிலிருந்து மறையுங்கள்.

கேள்வி (மோட்டார் சைக்கிள் கடைக்காரர்): பிரேக் எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும்?

பதில்: டாட் 4 ஊற்றுங்கள், பந்தயத்துக்கு முன் மாற்றுங்கள். புதிதாக இருக்கும்போது 230 பாகைக்குக் கீழே கொதிக்காத அது, நீர் உறிஞ்சிய பிறகு 155 பாகையிலேயே கொதிக்கலாம். நம் ஈரக்காற்றில் திறந்து வைத்த புட்டியை அடுத்த மாதம் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): பந்தயம் இல்லாத நாளில் இதை ஊருக்குள் ஓட்டலாமா?

பதில்: கூடாது. உள்ளே எல்லாம் கழற்றி, கேஜ் வைத்த கார் சாலைக்குரியது அல்ல. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியில்லாத மாற்றம் குற்றம். டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள். தோட்டப்பாதையில் பழகுவதானாலும் நிர்வாகியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பால்வெட்டுக்காரர்களும் பழம் ஏற்றும் டிராக்டர்களும் நடமாடும் நேரத்தில் ஒருபோதும் வேண்டாம். நானும் பால்வெட்டியின் மகன்தான், விடிகாலையில் அந்தப் பாதையில் அம்மாவோடு நடந்திருக்கிறேன்.

கேள்வி (இருபது வயதுப் பெண், மருந்தகப் பணியாளர்): நான்கு பேரும் ஆண்கள். நானும் ஓட்டக் கற்க முடியுமா அண்ணே?

பதில்: முடியும் தங்கச்சி. வார் இறுகியதும் காருக்கு ஓட்டுபவர் யாரென்று தெரியாது. முன்னிழுவைக் காரில் முதலில் கற்க வேண்டியது ஒன்று: மண் வளைவில் முன்பக்கம் வெளியே இழுத்தால் ஸ்டீரிங்கை மேலும் திருப்பாமல், ஆக்சிலரேட்டரைச் சற்று விட்டு, முன்சக்கரங்களில் எடை ஏறும்வரை அரை நொடி காத்திருப்பது. அந்த அரை நொடிதான் கடினம். அதைத் திடலில் கூம்பு வைத்துச் சொல்லித்தருகிறேன். ஆனால் என்னிடம் ஓட்டக் கற்பவர்கள் காரைக் கட்டவும் வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள், மூடிய காலணியும் பருத்திச் சட்டையும் அணிந்து. பின் இருக்கைக்குக் கீழே இன்னும் ஒரு சாண் தகடு வெட்ட வேண்டியிருக்கிறது.