இஷாவுக்குப் (இரவுத் தொழுகைக்குப்) பிறகு போன் எங்கே இருக்கிறது?

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகனுக்கு 15 வயது. குர்ஆன் ஓதி முடித்தவன். ஆறு மாதமாக சுபுஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) எழுப்பவே முடியவில்லை, இரவெல்லாம் டிக்டாக். கூட்டாளி ஒருவனைக் கேலி செய்யும் வீடியோவை வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறான். வீட்டு வைஃபையில் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி போட்டும் பயனில்லை. அவன் தூங்கும்போது போனை எடுத்துப் பார்க்கலாமா?

ஒரு வாப்பா, ரங்கூன், மியான்மர்

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரரே,

தூங்கும்போது எடுத்துப் பார்க்காதீர்கள். பிறர் குறையைத் துருவுவதை குர்ஆனின் சூரா (அத்தியாயம்) ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் உங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கைத் திறப்பான். பார்ப்பதானால் அவனை உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.

சுபுஹு தவறுவதை ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்ததாக உடனே எண்ண வேண்டாம். ஜூன் மாதம் ரங்கூனில் நாலு மணி கழிந்ததும் சுபுஹு வந்துவிடும். பன்னிரண்டரைக்குக் கண்ணை மூடுகிறவன் எப்படி எழுவான்? இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆகவே இஷா தொழுததும் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். "அலாரத்துக்குப் போன் வேணும்" என்பான். ஏற்பாடு உடைவது அங்கேதான். முதல் நாளே ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வடிகட்டி ஏன் தோற்றது? 2021 பிப்ரவரியில் பேஸ்புக் முடக்கப்பட்டதிலிருந்து இங்கே பிள்ளைகள் கையிலும் விபிஎன் (தடையைச் சுற்றிக்கொண்டு இணையத்துக்குப் போகும் செயலி) இருக்கிறது. அது ஓடும்போது உங்கள் வடிகட்டிக்கு ஒன்றும் தெரியாது. டிக்டாக் கணக்கில் உள்ள வயது விபிஎன்னால் மாறாது. 18க்குக் கீழ் என்றால் நாளுக்கு 60 நிமிட வரம்பு தானாக வரும் (கடவு எண் போட்டுத் தாண்டலாம் என்பதையும் அறிந்திருங்கள்). 16க்குக் கீழ் என்றால் தனிச்செய்தி வசதியே இல்லை. பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இரண்டும் கிடையாது. முதலில் அதைப் பாருங்கள்.

எனக்கு இதையெல்லாம்விடக் கவலை தருவது அந்த வீடியோதான். 2014 ஜூலையில் மாண்டலேயில் பொய்யான பாலியல் குற்றச்சாட்டு ஒன்று பேஸ்புக்கில் பரவி, கலவரத்தில் இரண்டு உயிர் போனது. நம் முஸ்லிம் மக்கள் மீது வதந்தி பாய்ந்த நாட்டில், நம் பிள்ளையின் விரலும் யோசிக்காமல் அனுப்பலாமா? செய்தி வந்தால் விசாரியுங்கள் என்று அதே சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனமும், கேலி வேண்டாம் என்று 11ஆம் வசனமும் சொல்கின்றன. இரண்டையும் அர்த்தத்தோடு அவனோடு ஓதுங்கள்.

வீடியோவை அழித்தால் மட்டும் போதாது. அது அடுத்தவன் ஹக்கு (உரிமை). அந்தப் பையனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கட்டும். கேலி பரவிய அதே குழுவிலும், தான் செய்தது தப்பு என்று எழுதட்டும்.