அந்தப் பாடல்களை நான் பாடலாமா?

கேள்வி: அட்லாண்டாவில் வசிக்கிறேன். எங்கள் பகுதியில் உள்ள பாடகர் குழுவில் சேர்ந்து, கறுப்பின மக்களின் விடுதலைப் பாடல்களைப் பாடுகிறேன். நிறவெறிக்கு எதிரான கூட்டங்களுக்கும் போகிறோம். என் கணவரோ, "அது அவர்கள் பிரச்சினை, நமக்கு எதற்கு வம்பு? பாடினால் என்ன மாறிவிடும்?" என்கிறார். எனக்கும் ஓர் உறுத்தல். அவர்கள் அடிபட்டுப் பாடிய பாடல்களை நான் பாடலாமா? - ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் பாடுங்கள், சகோதரி. ஆனால் அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். அது இருக்கும்வரை கவனமாகப் பாடுவீர்கள்.

முதலில் உங்கள் கணவரின் கேள்வி. 1946-இல் வந்த சட்டப்படி, இந்தியர்கள் அமெரிக்காவில் குடியேற ஆண்டுக்குச் சுமார் 100 இடங்கள்தான். பிறந்த நாட்டை வைத்து அளந்துவிடும் அந்த முறைக்கு முடிவு கட்டிய குடியேற்றச் சட்டம் வந்தது 1965-இல். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையை உறுதிசெய்த சட்டமும் அதே ஆண்டுதான். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அவர்கள் அடி வாங்கி, சிறைக்குப் போய் நாட்டின் மனசாட்சியை உலுக்கியிராவிட்டால், நம்மவர்களுக்கு அந்தக் கதவு அவ்வளவு சீக்கிரம் திறந்திருக்குமா? "அவர்கள் பிரச்சினை" என்று ஒதுங்கும் உரிமை நமக்கு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

பாடினால் என்ன மாறும்? உங்கள் ஜார்ஜியாவிலேயே ஆல்பனி என்ற ஊர் இருக்கிறது. 1961-இல் அங்கே நிறவெறியை எதிர்த்துப் போராடிய நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். மாணவர்களும் வீட்டு வேலை செய்த பெண்களும் ஒரே அறையில் கிடந்தார்கள். முன்பின் பழக்கமில்லாத அவர்களை ஒன்றாகப் பிடித்து வைத்தது பாட்டு. காவல்துறைத் தலைவர் பிரிட்செட்டின் பெயரையே பாட்டில் சேர்த்து, அவராலும் எங்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்று பாடினார்கள். அதே ஆண்டு மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில், பாட்டை நிறுத்தாவிட்டால் மெத்தையைப் பிடுங்குவோம் என்று போராட்டக் கைதிகளைக் காவலர்கள் மிரட்டினார்கள். கைதிகளோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, வெறும் இரும்புக் கட்டிலில் கிடந்து பாடினார்கள்.

எனக்கு மறக்கவே முடியாதது 1959-இல் டென்னசியில் நடந்தது. உரிமைப் போராட்டக்காரர்களுக்கான ஹைலாண்டர் என்ற பயிற்சிப் பள்ளிக்குள் இரவில் போலீஸ் புகுந்து விளக்கை அணைத்துவிட்டது. இருட்டில் ஜமிலா ஜோன்ஸ் என்ற பதினான்கு வயதுப் பெண், 'வீ ஷால் ஓவர்கம்' (நாம் வெல்வோம்) பாட்டோடு 'நாங்கள் அஞ்சவில்லை' என்று புதிதாக ஓர் அடியைச் சேர்த்துப் பாட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு போலீஸ்காரர் அவரிடம் வந்து, "இவ்வளவு சத்தமாகப் பாடத்தான் வேண்டுமா?" என்று கேட்டாராம். அந்தப் போலீஸ்காரரின் கை நடுங்கியது என்று ஜமிலா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சரி, உங்கள் உறுத்தலுக்கு வருவோம். அவர்களுடைய உச்சரிப்பையும் குரல் நெளிவையும் நகல் எடுக்காதீர்கள். உங்கள் குரலிலேயே பாடுங்கள். இந்தப் பாடல்களில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது வழக்கம். எடுத்துக் கொடுப்பதைக் குழுவில் உள்ள கறுப்பினப் பாடகர்களிடம் விட்டுவிட்டு, நீங்கள் வாங்கிப் பாடுங்கள். கைதட்டலையும் கவனியுங்கள்: நாம் பழக்கதோஷத்தில் முதல் தட்டில் தட்டிவிடுவோம், நான்கு தட்டில் அவர்கள் தட்டுவது இரண்டிலும் நான்கிலும். அப்புறம், கையில் இருக்கும் தாளை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுப் பழகுங்கள்.

ஒவ்வொரு பாட்டும் எந்த ஊரில், எந்தப் போராட்டத்தில் பாடப்பட்டது என்று குழுவில் மூத்தவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் குழு அரங்கத்தில் மட்டும்தான் பாடுகிறதா? வாக்காளர் பதிவு நடக்கும் இடத்துக்கும் நீதிமன்ற வாசலுக்கும் போகிறதா? நிகழ்ச்சியில் சேரும் பணம் யாருக்குப் போகிறது? 1962-இல் ஆல்பனி போராட்டத்திலிருந்து உருவான 'ஃப்ரீடம் சிங்கர்ஸ்' குழுவினர் நால்வரும் ஊர் ஊராகப் போய்ப் பாடி, மாணவர் இயக்கத்துக்கு நிதி திரட்டினார்கள்.

உங்கள் கணவரின் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கலாம். நீங்கள் விசாவில் இருந்தால், கைது வரை போகக்கூடிய மறியலுக்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். அனுமதி பெற்ற ஊர்வலங்களுக்கு உங்கள் கணவரையும் கூட அழைத்துப் போகலாமே.