சரிபார்ப்புப் பட்டியல் வைத்துப் பிள்ளைகளை மதிப்பிடுவது எப்படி? தருமபுரி மாவட்டத் தொடக்கப் பள்ளி ஆசிரியை பதில் சொல்கிறார்

பாலக்கோட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: "ஆர்வமாகக் கற்கிறான்", "நன்கு புரிந்துகொள்கிறான்" என்று பட்டியல் போட்டேன். டிக் போடவே குழப்பமாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும் சார், ஆர்வத்தை எப்படிக் கண்ணால் பார்ப்பது? பிள்ளை செய்வதை எழுதுங்கள். கழித்தலையே எடுங்கள். 52-ல் 27 போக 35 என்று ஒரு பையன் எழுதுகிறான். கடன் வாங்கிவிட்டுப் பத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கலாம், இல்லை கடனே வாங்காமல் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கலாம். இரண்டுக்கும் 35தான் வரும், நோட்டைத் திருத்தினால் தெரியாது, அவன் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதனால் 'தேவையானபோது கடன் வாங்குகிறான்' ஒரு வரி, 'கடன் கொடுத்த பத்தில் ஒன்று குறைக்கிறான்' இன்னொரு வரி. நாளைக்கு அவனுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தளியிலிருந்து: என் வகுப்பில் பல பிள்ளைகள் வீட்டில் தெலுங்கும் கன்னடமும்தான் பேசுகிறார்கள்.

சூழ்நிலையியல் வரியில் தமிழைக் கலக்காதீர்கள் டீச்சர். வேர் எது, தண்டு எது என்று செடியைத் தொட்டுக் காட்டி, வீட்டு மொழியில் பெயர் சொன்னாலும் டிக் போடுங்கள். தமிழ்ப் பெயர் சொல்கிறாளா என்பது தமிழ்ப் பட்டியலில் வரட்டும். கலந்துவிட்டால் தெரிந்த பிள்ளையைத் தெரியாதவள் என்று எழுதிவிடுவோம், அது பெரிய அநியாயம்.

பென்னாகரம் பக்கம்: ஒரே அறையில் பல வகுப்புகள். இதற்கு நேரம் எங்கே?

ஒரே நாளில் எல்லாரையும் பார்க்க வேண்டாம், நாளுக்கு நாலைந்து பேர் போதும். டிக்குக்குப் பதில் தேதி போடுங்கள். பெற்றோரோடு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டு மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் பிள்ளை எங்கே நின்றது என்று தேதிதான் சொல்லும். அப்புறம், அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளையை 'அரும்பு' நிலையிலிருந்து அடுத்த நிலையான 'மொட்டு'க்கு மாற்றும்போதும் கையில் ஆதாரம் இருக்கும்.

இன்னொரு கேள்வி: வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டுக்கு, டிக்கை எண்ணி மார்க் போடலாமா?

வேண்டாம். பத்துக்கு ஏழு என்று போட்டதும் விட்டுப்போன மூன்று எது என்பது மறைந்துவிடும்.

அரூரிலிருந்து ஓர் அம்மா: பெற்றோர் இந்தப் பட்டியலைப் பார்க்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. மார்க்கை விட்டுவிட்டு எந்த வரி காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். பத்துகள், ஒன்றுகள் காலி என்றால் வீட்டில் தக்காளியைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டச் சொல்லி, எத்தனை கூறு, மீதி எத்தனை என்று கேட்டாலே போதும்.